‘கலாசாரப் பூங்கா விசிட்’ என்று மட்டும் போட்டிருந்தால் முன்பணம் கட்டாதீர்கள்: தாய்லாந்து டூர் போகும் வேலூர்க்காரர்களுக்கு

வேலூர், குடியாத்தம், ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கத்திலிருந்து பாங்காக், பட்டாயா போகும் குழுக்களுக்கு இது. சொந்தக்காரர்களாகச் சேர்ந்து போகிறவர்கள், ஷூ கம்பெனி ஆட்கள், கம்பெனி செலவில் போகும் டீலர்கள் என்று எல்லாரும் ஒரே இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். கலாசார நடனமும் யானை வித்தையும் சேர்ந்த பூங்காவுக்குப் போகிற நாளில்.

அண்மையில் குடியாத்தம் பக்கத்துக் குழு ஒன்றுக்கு நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டீஸில் யானை கால்பந்து உதைக்கும் படம், பட்டுடுத்திய நடனப் பெண்கள் படம். ஐட்டினரியில் (நாள்வாரிப் பயணத் திட்டத் தாள்) இருந்தது ஒரே வரி: ‘நாள் 2: காலை உணவு, கலாசாரப் பூங்கா விசிட், மாலை ஓய்வு.’ ஷோ உண்டா என்று கேட்டதற்கு ஏஜென்ட் சொன்ன பதில், “எல்லாமே இன்க்ளூடட்ணா, நீங்க வெறுங்கைய வீசிட்டு வாங்க.” அங்கே போனால் தோட்டத்துக்குள் நுழைய மட்டும்தான் டிக்கெட். அரங்க வாசலில் தடுத்து நிறுத்தினார்கள். தலைக்கு 400 பாட் (தாய்லாந்துப் பணம்) கொடுத்தால் உள்ளே விடுவார்கள் என்றார் கைடு, அதுவும் ரொக்கமாக, ரசீது இல்லாமல். கொடுத்தவர்கள் ஷோ பார்த்தார்கள். கொடுக்காத வயதானவர்கள் வெயிலில் ஒன்றரை மணி நேரம் தோட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஊர் திரும்பிக் கேட்டபோது ஏஜென்ட், “விசிட்னுதாணா போட்டிருக்கோம், ஷோன்னு எங்க போட்டிருக்கோம்?” என்றார். தாளை மட்டும் பார்த்தால் அவர் சொல்வதில் தப்பே இல்லை. அதுதான் இந்த வியாபாரத்தின் சூட்சுமம்.

இந்த வகைப் பூங்காக்களில் டிக்கெட் அடுக்கடுக்காக இருக்கும். தோட்டத்துக்குள் நுழைய ஒன்று. நடன அரங்கும் அதைத் தொடர்ந்து வெளியே நடக்கும் யானைக் காட்சியும் சேர்ந்தது இன்னொன்று. ஏக்கர் கணக்கில் விரிந்த தோட்டத்தைச் சுற்றிக்காட்டும் திறந்த வண்டி தனி. மதியச் சாப்பாடு தனி. அரங்கில் முன்வரிசை வேண்டுமானால் அதற்கும் தனி. ஹோட்டலிலிருந்து கூட்டிப்போய்க் கொண்டுவிடும் வண்டி இவை எதிலும் சேராது. வேலூர் ஏஜென்ட் இதை நேராக வாங்குவது அபூர்வம். அவர் சென்னையில் ஒரு மொத்த வியாபாரியிடம் வாங்குவார், அவர் பாங்காக்கில் ‘டிஎம்சி’ எனப்படும் உள்ளூர் ஏற்பாட்டு நிறுவனத்திடம் வாங்குவார், அந்த நிறுவனம் கைடை அனுப்பும். விலையை இறக்கச் சொல்லி நீங்கள் பேரம் பேசும்போது, ஒவ்வொரு கையும் ஓர் அடுக்கை உருவிவிடும். கைடுக்குக் கிடைக்கும் நாள்கூலி சொற்பம். வாசலில் விற்கும் ‘அப்கிரேட்’, கூட்டிப்போகும் கடைகளின் கமிஷன் இரண்டும்தான் அவருக்கு வருமானம். இதைப் புரிந்துகொண்டால் அவர்மேல் பாதிக் கோபம் குறையும். பணம் குறையாது.

ஆகவே, முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் ஐட்டினரியில் அந்த வரியை இப்படி மாற்றி எழுதி வாங்குங்கள்: பூங்காவின் முழுப்பெயர், நுழைவு, நடன அரங்கு, யானைக் காட்சி மூன்றும் அடக்கம் என்ற சொற்கள், எத்தனை மணி ஷோ, சாப்பாடு உண்டா, சைவம் உண்டா, வண்டி தனியா, பிறரோடு பங்கா. பங்கு வண்டியை ஏஜென்ட்கள் ‘எஸ்ஐசி’ என்பார்கள். அதில் ஒவ்வொரு ஹோட்டலாக ஏறி இறங்கி ஆள் ஏற்றுவார்கள், ஷோ தவறிப்போவதற்குப் பாதிக் காரணம் அதுதான். ‘அல்லது அதற்கு இணையான இடம்’ என்று அடியில் சின்ன எழுத்தில் இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு உங்களை எந்தப் பூங்காவுக்கும் கூட்டிப்போகலாம்.

குழந்தை டிக்கெட்டில் இன்னொரு கோளாறு. விமானக் கம்பெனிகள் 2 முதல் 12 வயது வரை குழந்தை என்று கணக்கிடும். தாய்லாந்துப் பூங்காக்கள் பலவற்றில் உயரம்தான் கணக்கு. 90 சென்டிமீட்டருக்குக் கீழே இலவசம், 140-க்கு மேலே பெரியவர் டிக்கெட் என்பது பல இடங்களில் பார்க்கும் அளவு. ஐந்தாவது படிக்கும் பையன் நெட்டையாக இருந்தால் வாசலில் மீதிப் பணம் கேட்பார்கள். நடக்கப் பழகும் பிள்ளைக்கு உள்ளே காசே கிடையாது, ஆனால் ஏஜென்ட் அதற்கும் வாங்கியிருப்பார். வீட்டிலேயே அளந்துவைத்துக்கொண்டு, அந்த இடத்தின் அளவைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஷோ அடக்கமாகவே இருந்தாலும் நேரம் கவிழ்த்துவிடும். சென்னையிலிருந்து இரவு விமானம் ஏறினால் விடிகாலையில் பாங்காக்கில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து பட்டாயா சாலை வழியாக இரண்டு, இரண்டரை மணி நேரம். ஹோட்டல் அறை பெரும்பாலும் மதியம் 2 மணிக்குத்தான் கிடைக்கும். அந்த இடைவெளியை அடைக்க முதல்நாளே பூங்காவைச் செருகிவிடுவார்கள். குளிக்காமல், தூங்காமல், பெட்டியோடு போய் உட்கார்ந்தால் பாதிப் பேர் அரங்கில் தூங்குவார்கள். இரண்டாவது நாளுக்குப் பிறகு வைக்கச் சொல்லுங்கள். வழியில் ரத்தினக் கடை, தோல்பொருள் கடை, தேன் கடை என்று நிறுத்துவதும் வழக்கம் (ஆம்பூர்க்காரர்களுக்கே தோல் பெல்ட் விற்கப் பார்க்கும் துணிச்சலை என்ன சொல்வது). ஒவ்வொரு நிறுத்தமும் முக்கால் மணியைத் தின்னும். ஷோ நாளில் கடை நிறுத்தம் கூடாது என்று எழுத்தில் கேளுங்கள். தாய்லாந்து நேரம் நம் நேரத்தைவிட ஒன்றரை மணி முந்தியது. சிம் மாற்றாத செல்போனும் கைக்கடிகாரமும் பழைய நேரத்தையே காட்டிக்கொண்டிருக்கும், கூட்டத்தில் யாராவது ஒருவர் அதைப் பார்த்துத் தாமதமாக வருவார்.

கைடு கேட்கும் தொகையில் மாற்று விகிதமும் ஒளிந்திருக்கும். நான்கு பேருக்கு 1,600 பாட் என்று வையுங்கள். வங்கி அட்டையில் பாட் 2.80 ரூபாய்க்கு விழுகிற நாளில் அது 4,480 ரூபாய். கைடு 3.30 என்று கணக்குப் போட்டு ரூபாயாக வாங்கினால் 5,280. வாசல் கவுன்டரில் நீங்களே நேராகப் போய், பாட்டாகக் கொடுத்து, டிக்கெட்டைக் கையில் வாங்குங்கள். கவுன்டர் விலை கைடு சொன்னதைவிடக் கம்மியாக இருப்பதும் உண்டு.

உள்ளே போனபிறகு காசு பிடுங்குவது சின்னச் சின்னதாக நடக்கும். யானைக்கு வாழைப்பழக் கூடை. தும்பிக்கையில் உட்கார்ந்து போட்டோ. நுழையும்போதே யாரோ ஒருவர் கேமராவில் உங்களை எடுத்துவிடுவார், வெளியே வரும்போது உங்கள் முகம் பீங்கான் தட்டில் அச்சாகி மேசையில் நிற்கும். அதை வாங்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை, கையசைத்துவிட்டு நடக்கலாம். நடன உடையில் இருப்பவர்கள் தோளில் கைபோட்டு நின்றால் அது இலவசம் இல்லை. முதலில் எவ்வளவு என்று கேட்டுவிட்டு நில்லுங்கள்.

புலிக்குட்டி, உராங்குட்டான், மலைப்பாம்பு போட்டோக்களுக்கு ஒரு பாட் கூடக் கொடுக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. யானையைக் குட்டியிலேயே தாயிடமிருந்து பிரித்து, கட்டிப்போட்டு, அடித்துப் பணியவைக்கும் பழக்கத்துக்கு அங்கே ‘பஜான்’ என்று பெயர். படம் வரைவதும் பந்து உதைப்பதும் அப்படிப் பழக்கியதுதான். யானை நின்ற இடத்திலேயே தலையையும் உடம்பையும் இடைவிடாமல் ஆட்டிக்கொண்டிருந்தால் அது பாட்டுக்கு ஆடவில்லை, அடைபட்ட விலங்கின் மன உளைச்சல் அது. பாகன் கையை மூடிப் பிடித்திருந்தால் உள்ளே சின்ன ஆணியோ கொக்கியோ இருக்கலாம், யானையின் காதுக்குப் பின்னால் காயம் இருக்கிறதா என்று பாருங்கள். காஞ்சனபுரியில் கோவில் என்ற பெயரில் புலிகளோடு படம் எடுக்கவிட்ட இடத்தை 2016-இல் அதிகாரிகள் சோதித்தபோது, உறைபெட்டியில் 40 புலிக்குட்டிகளின் உடல்கள் கிடைத்தன. அதுவரை பல வருடங்கள் வெளிநாட்டுக்காரர்கள் வரிசையில் நின்று காசு கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நம் ஊரில் ஏன் இந்த மாதிரி ஷோ இல்லை என்று கேட்கிறவர்களுக்குச் சுருக்கமாக: 1998-இல் மத்திய அரசு கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றை வித்தைக்குப் பழக்கத் தடை போட்டது. 2011-இல் அந்தப் பட்டியலில் காளையும் ஏறியது. நம் பக்கத்து மாடு விடும் விழாவுக்குச் சிக்கல் வந்ததும், 2017-இல் மாநிலத் திருத்தச் சட்டத்தால் மீண்டதும் அந்த வழியாகத்தான். டால்பின் காட்சிக்கு 2013-இல் அனுமதி மறுக்கப்பட்டது. வேலூர் பக்கத்து அமிர்தி விலங்குப் பூங்காவில் விலங்குகளைப் பார்க்கலாம், வித்தை பார்க்க முடியாது.

குரங்கோ வேறு விலங்கோ கடித்தால், கீறி ரத்தம் வந்தால், ‘பார்க் மிருகம்தானே, ஊசி போட்டிருப்பார்கள்’ என்று விடக்கூடாது. தாய்லாந்திலும் வெறிநாய்க்கடி நோய் உண்டு. ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரத்தம் வந்திருந்தால் தடுப்பூசியோடு காயத்தில் போடும் இம்யூனோகுளோபுலினும் தேவை. தசையில் போடும் தடுப்பூசி 0, 3, 7, 14, 28-ஆம் நாள்களில். முதல் ஊசியை அங்கே போட்டு அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொண்டால் மீதியை அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையிலோ சிஎம்சியிலோ தொடரலாம். ‘ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று கைடு சொன்னால் கேட்காதீர்கள்.

வாசல் கடைகளில் யானைமுடி மோதிரம் கிடைக்கும். நம்மவர்கள் ஆசையாக வாங்குவது இதைத்தான். தந்தமோ முடியோ, ஆசிய யானையின் எந்தப் பொருளும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வரும். சுங்கத்தில் பிடித்தால் வழக்கு, மோதிரம் போனால் போகட்டும் என்று முடிகிற விஷயமில்லை. இதைவிட ஆபத்து, திரும்பும்போது யாராவது ‘இந்தப் பெட்டியை மட்டும் சென்னையில் கொடுத்துவிடுங்கள்’ என்று கொடுப்பது. பாங்காக்கிலிருந்து வந்த பயணிகளின் பெட்டிகளில் பாம்பு, ஆமை, குரங்குக் குட்டி என்று சென்னை விமான நிலையத்தில் பலமுறை பிடித்திருக்கிறார்கள். டிக்கெட் விலையில் சலுகை தருகிறேன் என்று பெட்டி கொடுத்தால், கூட வந்த உறவுக்காரராக இருந்தாலும் மறுத்துவிடுங்கள்.

இனி ஊரிலேயே பார்க்க வேண்டியவை. ஏஜென்டின் ஜிஎஸ்டி எண் 15 இலக்கம். தமிழ்நாட்டுப் பதிவு என்றால் 33-இல் தொடங்கும், அடுத்த பத்து எழுத்து அவருடைய பான் எண். ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பார்த்தால் பெயரும், பதிவு உயிரோடு இருக்கிறதா என்பதும் தெரியும். வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு டிசிஎஸ் என்று வரி பிடிப்பார்கள். அது உங்கள் பான் எண்ணில் அரசுக்குப் போய்ச் சேர வேண்டிய பணம், வருமான வரிக் கணக்கில் திரும்பக் கழித்துக்கொள்ளலாம். சிலர் டிசிஎஸ் என்று ரொக்கமாக வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறார்கள். வருமான வரித் தளத்தில் உங்கள் 26ஏஎஸ் பக்கத்தில் (உங்கள் பான் எண்ணில் கட்டிய வரியின் பட்டியல்) அந்தத் தொகை ஏறவில்லை என்றால் கேளுங்கள். பான் எண்ணே வாங்காமல் டிசிஎஸ் வாங்கினால் அங்கேயே எழுந்துவிடலாம்.

தாய்லாந்துக்குள் நுழைய 2025 மே 1 முதல் டிஜிட்டல் வருகை அட்டை கட்டாயம். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் குடிவரவுத் துறையின் தளத்தில் நிரப்ப வேண்டும், கட்டணம் கிடையாது. அதற்குத் தலைக்கு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு என்று வாங்கும் ஏஜென்ட்களும், கூகுளில் மேலே வந்து டாலரில் பிடுங்கும் போலித் தளங்களும் உண்டு. விசா விதி மாறிக்கொண்டே இருக்கும், தூதரகத் தளத்தில் நீங்களே பார்த்துக்கொண்டு பிறகு ‘விசா சார்ஜ்’ என்ற வரிக்குப் பணம் கொடுங்கள்.

மாதாமாதம் கட்டும் ‘டூர் சீட்டு’ வேண்டவே வேண்டாம். பதிவு பெறாத சீட்டில் போட்ட பணம் டூராகவும் வராது, பணமாகவும் வராது. நிதி நிறுவனங்கள் மூடிப் போனதை இந்த மாவட்டத்துக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள்: இன்னும் தாய்லாந்தில் இருந்தால் சுற்றுலாப் போலீஸ் எண் 1155. ஊர் திரும்பியபின் முதலில் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதில் தீராவிட்டால் ஏஜென்டுக்கு ஸ்பீட் போஸ்டில் ஒரு நோட்டீஸ், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏஜென்ட் ஆபீஸ் சென்னையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. ரசீது, வங்கிப் பரிமாற்றச் சான்று, டூர் விளம்பர நோட்டீஸ், ஐட்டினரி, நுழைவு டிக்கெட்டின் படம், கைடுக்குக் கொடுத்த தொகையைப் பற்றிக் குழுவில் அன்றைக்கே போட்ட வாட்ஸ்அப் செய்தி எல்லாம் வேண்டும். குறை நடந்த நாளிலிருந்து இரண்டு வருடம்தான் கெடு. “அடுத்த ட்ரிப்ல அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்ணா” என்று ஏஜென்ட் இழுத்தால், அந்தப் பதிலையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து மனுவோடு சேருங்கள்.