ஈமேக்ஸின் டைரெட்: தேடும்போது தடம் மாறும் கர்சர்

ஈமேக்ஸ் எடிட்டரோடு சேர்ந்தே வரும் டைரெட், ஒரு ஃபோல்டரில் உள்ள கோப்புகளைப் பட்டியலிட்டு, அங்கிருந்தபடியே அவற்றைத் திறக்கவும் பெயர் மாற்றவும் நீக்கவும் வழிசெய்கிறது. மவுஸைத் தொடாமல் வேலை செய்பவர்களுக்கு இதைவிட வசதியான கோப்பு மேலாளர் கிடைப்பது அரிது என்பதே என் கருத்து. ஆனால் தேடல் வசதியை அதன் இயல்புநிலை அமைப்பிலேயே வைத்திருப்பவர்களுக்கு, கர்சர் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

காரணம் எளிமையானது. டைரெட் காட்டும் பட்டியல், கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்' (ls) கட்டளையை '-ஏஎல்' (-al) தெரிவுடன் இயக்கினால் வரும் வெறும் எழுத்துவரிகள்தாம். அனுமதிக் குறிகள், உரிமையாளர், குழு, அளவு, தேதி ஆகிய எல்லாவற்றுக்கும் பிறகே கோப்பின் பெயர் வருகிறது. கன்ட்ரோல்-எஸ் அழுத்தித் தேடினால், தேடல் அத்தனை பத்திகளையும் (நெடுவரிசைகளையும்) ஒன்றுபோலவே துழாவுகிறது. 'மருதம்' என்று ஆங்கில எழுத்தில் பெயரிட்ட கோப்பைத் தேடுவதாக வைத்துக்கொள்வோம். முதல் மூன்று எழுத்துகளைத் தட்டியதுமே, சிறிய, பெரிய எழுத்து வேறுபாட்டைத் தேடல் பொருட்படுத்தாததால், மார்ச் மாதத்தில் மாற்றப்பட்ட ஏதோ ஒரு கோப்பின் தேதிப் பத்தியில் கர்சர் நின்றுவிடும். அவசரத்தில் அங்கேயே என்டரைத் தட்டித் தேடலை முடித்து, அடுத்து 'டி' (d) விசையை அழுத்தினால், நீக்கக் குறி அந்த வேறு கோப்பின் மேல் விழும். ஏனெனில், கர்சர் எந்தப் பத்தியில் இருந்தாலும் டைரெட்டின் கட்டளைகள் அந்த வரிக்குரிய கோப்பையே எடுத்துக்கொள்கின்றன. 'எக்ஸ்' அழுத்தி உறுதிசெய்யும்வரை எதுவும் அழியாது என்பது ஆறுதல்.

இதற்கான தீர்வு டைரெட்டிலேயே இருந்தும், அதை முடக்கியே வைத்திருப்பதுதான் எனக்குப் புரியவில்லை. 'டைரெட்-ஐசர்ச்-ஃபைல்நேம்ஸ்' என்ற அமைப்புக்கு 'டி' (t) என்ற மதிப்பைக் கொடுத்தால், தேடல் கோப்புப் பெயர்களுக்குள் மட்டுமே நடக்கும். 'டிவிம்' (dwim) என்ற மதிப்பைக் கொடுத்தால், தேடத் தொடங்கும்போது கர்சர் பெயரின் மேல் இருந்தால் பெயர்களிலும், வேறு பத்தியில் இருந்தால் எல்லா இடங்களிலும் தேடும். 'என்', 'பி' விசைகளால் நகரும்போது கர்சர் எப்போதும் பெயரின் தொடக்கத்திலேயே நிற்பதால், பெரும்பாலான நேரங்களில் இரண்டாவது அமைப்பே போதும். குறிப்பிட்ட தேதிக்கோ உரிமையாளருக்கோ உரிய கோப்புகளைத் தேடும் வாய்ப்பும் கைநழுவாது. ஆயினும், ஒருமுறை தேதிப் பத்தியில் தேடலை முடித்துவிட்டு, கர்சரை நகர்த்தாமல் மறுபடியும் தேடினால், பழைய குழப்பம் திரும்பிவிடும்.

அமைப்பை மாற்ற விரும்பாதவர்கள் ஆல்ட்-எஸ், எஃப், கன்ட்ரோல்-எஸ் என்று வரிசையாக அழுத்தி அந்த ஒரு தேடலைப் பெயர்களுக்குள் அடக்கலாம். விசைகள் அதிகம் என்பதால் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். இடம் மாறிய தேடலைப் பாதியில் கைவிட, கன்ட்ரோல்-ஜி அழுத்தினால் கர்சர் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும். கோப்பின் பெயர் ஏற்கெனவே தெரிந்திருந்தால் தேடலே தேவையில்லை: 'ஜே' விசையை அழுத்திப் பெயரைக் கொடுத்தால், கர்சர் நேராக அந்த வரிக்குப் போய்விடும்.