பின் தண்டனையா, முன் கட்டுப்பாடா?

பெங்களூரு கோரமங்களாவில் செயலி எழுதிப் பிழைக்கும் நம்மவர்களுக்கு, பெரிய டிஜிட்டல் நிறுவனங்களைத் தவறு செய்தபின் தண்டிப்பதா, முன்பே கட்டுப்படுத்துவதா, எது நியாயம்? இப்போதுள்ள 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் பெரும்பாலும் தவறு நடந்தபின் விசாரிக்கிறது. கைபேசி இயங்குதள ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியதாக எழுந்த ஆண்ட்ராய்டு வழக்கில் 2019இல் விசாரணைக்கு உத்தரவு, கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விழுந்தது 2022 அக்டோபரில். மேல்முறையீடு தனி. குற்றம் நிரூபித்தே தண்டிப்பது நேர்மைதான். அதுவரை சின்ன நிறுவனம் தாங்க வேண்டுமே!

2024 மார்ச்சில் வெளியான டிஜிட்டல் போட்டி மசோதா வரைவு முன்கூட்டியே தடுக்கிறது: பெரிய நிறுவனம் தன் தளத்தில் சொந்தச் சேவைக்குச் சலுகை காட்டக் கூடாது, மீறினால் உலக விற்றுமுதலில் 10 சதவீதம் வரை அபராதம். இதுவே மேல். ஆனால் எந்த நிறுவனம் இதற்குள் வரும் என்ற வரம்பு இடறுகிறது. வரம்பான 1 கோடிப் பயனர் இங்கே பெரிய எண்ணல்ல. அதோடு இந்தியாவில் 4,000 கோடி ரூபாய் விற்றுமுதலைத் தொட்ட உள்ளூர் நிறுவனமும் சிக்கலாம். பயனர் வரம்பையாவது உயர்த்த வேண்டும்.