பிளாட்டினம் எடுக்கணும்னா செகண்டரி ஐடி பக்கமே போகாதீங்க, என் ரெட் டெட் 2 மொத்தமும் போச்சு

மக்களே, பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4) டிஜிட்டல் கேம் பாதி விலைக்குக் கிடைக்குதுன்னு இன்ஸ்டாலயும் டெலிகிராம்லயும் வாங்குறவங்க இதை முழுசா படிச்சுட்டு அப்புறம் பணம் போடுங்க. ட்ரோஃபி (கேம்ல ஒவ்வொரு சவாலை முடிச்சதுக்கும் ஐடில சேருற விருது, எல்லாத்தையும் எடுத்தா கடைசியா வர்றதுதான் பிளாட்டினம்) சேர்க்குற ஆளுங்க கண்டிப்பா படிங்க.

ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 வேணும்னு ஒரு பேஜ்ல கேட்டேன். பிரைமரி ஒரு ரேட், செகண்டரி அதுல பாதி ரேட், ரெண்டுக்கும் லைஃப்டைம் வாரண்டின்னு போஸ்டர் போட்டிருந்தான். என்ன வித்தியாசம்னு கேட்டதுக்கு "செகண்டரிக்கு நெட் ஆன்ல இருக்கணும் ப்ரோ, வேற ஒண்ணும் இல்ல"ன்னு வாய்ஸ் நோட் அனுப்புனான். உண்மையில பிரைமரின்னா விக்கிறவன் ஐடிய உங்க பிஎஸ்4-ல ஆக்டிவேட் பண்ணிட்டு உங்க சொந்த ஐடில விளையாடுறது, செகண்டரின்னா அவன் குடுக்குற ஐடிலயே விளையாடுறது. நான் பிளாட்டினம் எடுக்கத்தான் வாங்குறேன், ட்ரோஃபி என்ன ஆகும்னு தனியா கேட்டேன். "ஐடி இனிமே உங்களோடது ப்ரோ, பேரு கூட மாத்திக்கோங்க, யாரும் தொட மாட்டாங்க"ன்னான். அந்த வாய்ஸ் நோட் இன்னும் என் போன்ல இருக்கு.

இந்த கேம்ல பிளாட்டினம்னா என்னன்னு விளையாடாதவங்களுக்குச் சொல்லிடறேன், அப்பதான் போனது எவ்வளவுன்னு புரியும். 2018 அக்டோபர்ல வந்த கேம், கதை நடக்குறது 1899 அமெரிக்கா, மேப் அவ்வளவு பெருசு. கதைய முடிச்சா மட்டும் பத்தாது, 100 பர்சென்ட் கம்ப்ளீஷனுக்கு ஒரு ட்ரோஃபி, ஸ்டோரி மிஷன்ல 70 கோல்ட் மெடல் எடுக்க ஒண்ணு, ரெட் டெட் ஆன்லைன்ல 50-வது ரேங்க் போக ஒண்ணு. இதுல சிலது விட்டா விட்டதுதான். கேம்ப்ல கூட இருக்குறவங்க கேக்குற பொருளைக் கொண்டு வந்து குடுக்குறது, ஆறாவது சாப்டர்ல கடன் வாங்குன குடும்பங்களுக்கு உதவி பண்ற மிஷன் எல்லாம் அந்தந்த நேரத்துல முடிக்கலன்னா கதை தாண்டிப் போயிடும், முதல்ல இருந்துதான் வரணும்.

எல்லாத்தையும் விட நேரம் தின்னது ஜூவாலஜிஸ்ட், ஸ்கின் டீப்னு ரெண்டு ட்ரோஃபிதான். ஒண்ணுக்கு ஒவ்வொரு மிருகத்தையும் பார்த்து ஸ்டடி பண்ணணும், இன்னொண்ணுக்கு ஒவ்வொண்ணையும் வேட்டையாடி தோல் உரிக்கணும். கேம் மேப்ல கிளெமென்ஸ் பாயின்ட்டுக்கு மேற்கால ஏரிக்கு நடுவுல ஒரு குட்டித் தீவு இருக்கு, பச்சை இக்வானாவுக்காக படகு எடுத்துட்டு அங்க போகணும். ஹீலா மான்ஸ்டர்னு ஒரு பாலைவனப் பல்லி, அதுக்கு எபிலாக் (மெயின் கதை முடிஞ்சப்புறம் வர்ற பகுதி) வரைக்கும் காத்திருந்து நியூ ஆஸ்டின்ங்கற ஏரியாவுக்குப் போகணும். பாயூ ந்வா சதுப்புல கரோலைனா கிளின்னு ஒண்ணு வரும், நிஜ உலகத்துல அந்த இனத்துல கூண்டுல இருந்த கடைசிக் கிளி 1918-ல சின்சினாட்டி ஜூல செத்துப் போச்சு, அதனால கேம்லயும் அதை சுட்டுக்கிட்டே இருந்தா ஒரு கட்டத்துல அழிஞ்சு போயிடும்னு வச்சிருக்காங்க. சின்ன அம்பை மாட்டிட்டு தண்ணில நின்னு அந்தக் கிளிக்காக காத்திருந்த அந்த விடிகாலை நேரம் மாதிரி ஒண்ணை வேற எந்த கேம்லயும் நான் பார்த்ததில்ல. சும்மா லிஸ்ட்ல டிக் அடிக்குற வேலை இல்ல இது, உண்மையிலயே அழகான கேம்.

கேம்ப்ளர் சேலஞ்ச்னு கேமுக்குள்ள சூதாட்டச் சவால் வரிசை ஒண்ணு இருக்கு, அதுல எட்டாவதுக்கு பிளாக்ஜாக் சீட்டாட்டத்துல மூணு தடவையாவது கார்டு கேட்டு அப்படி மூணு கை ஜெயிக்கணும், முழுக்க அதிர்ஷ்டம்தான். அதுல ரெண்டு கை முடிஞ்சு உட்கார்ந்திருக்கும்போதுதான் முதல் பிரச்சினை வந்துச்சு. பிஎஸ்என்ல (பிளேஸ்டேஷனோட ஆன்லைன் நெட்வொர்க்) இருந்து சைன் அவுட் ஆயிட்டீங்கன்னு ஸ்கிரீன்ல வருது. ஒரு ஐடி ஒரு நேரத்துல ஒரு பிஎஸ்4-லதான் சைன் இன்ல இருக்கும், அப்ப வேற யாரோ அதே ஐடில உள்ள வந்திருக்கான்னு அர்த்தம். கேட்டா "சர்வர் இஷ்யூ ப்ரோ"ன்னான். அப்புறம் அடிக்கடி இதேதான். அதே ஐடிய இன்னும் எத்தனை பேருக்கு வித்தானோ.

கோல்ட் மெடல் கொஞ்சமும் ஆன்லைன் ரேங்க்கும்தான் பாக்கின்னு இருந்தப்ப ஒரு நாள் பாஸ்வேர்டு தப்புன்னு வருது, கேம் மேல பூட்டு ஐகான். மெசேஜ் போட்டா ரினியூவல் சார்ஜ் கட்டணுமாம். லைஃப்டைம்னு சொன்னியேன்னு கேட்டதும் பிளாக். ஒரு வாரம் கழிச்சு ஃப்ரெண்டு ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்புறான், அதே ஆளு ஸ்டோரில "ரெட் டெட் 2, பிளாட்டினம் நியர் கம்ப்ளீட் ஐடி"ன்னு இன்னும் கூட விலை போட்டு விக்கிறான், கூடவே ட்ரோஃபி லிஸ்ட் போட்டோ. அதுல ஸ்கின் டீப் அன்லாக் ஆன தேதி நான் எடுத்த தேதி. என் உழைப்பை எடுத்து இன்னொருத்தனுக்கு வித்திருக்கான், வயிறு எரிஞ்சுது.

சேவ் ஃபைலை யுஎஸ்பில காப்பி வச்சிருந்தேன், சரி கேமை என் சொந்த ஐடில ஸ்டோர்லயே வாங்கிட்டு அதைப் போட்டுக்கலாம்னு பார்த்தா எடுக்கல. பிஎஸ்4 சேவ் எந்த அக்கவுன்ட்ல உருவாச்சோ அந்த அக்கவுன்ட்லதான் ஓடும். ட்ரோஃபியும் அப்படித்தான், ஒரு ஐடில இருந்து இன்னொரு ஐடிக்கு மாத்தவே வழி கிடையாது. ஆன்லைன் கேரக்டரும் அந்த ஐடியோட போச்சு.

பிரைமரி வாங்குனா சேஃபான்னு நிறைய பேர் கேப்பீங்க. அதுல உங்க சொந்த ஐடில விளையாடலாம், ட்ரோஃபி, சேவ் ரெண்டும் உங்ககிட்ட நிக்கும், அது உண்மை. ஆனா ஐடிக்காரன் வெப்சைட்ல போய் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை எல்லா டிவைஸையும் டீஆக்டிவேட் பண்ண முடியும், அப்படிப் பண்ணி உங்க இடத்தை வேற ஆளுக்கு வித்தா உங்க கேம் பூட்டிக்கும். அக்கவுன்ட் வாங்கறதும் விக்கறதும் சோனி ரூல்ஸ்படி கூடாது, அதனால அவங்ககிட்ட போய் நியாயம் கேக்கவும் முடியாது. விலைதான் பிரச்சினைன்னா செகண்ட் ஹேண்ட் டிஸ்க் வாங்குங்க, இந்த கேமுக்கு டேட்டா டிஸ்க், பிளே டிஸ்க்னு ரெண்டு வரும், ரெண்டும் இருக்கான்னு பார்த்து வாங்குங்க. இல்லன்னா ஸ்டோர்ல சேல் போடும்போது எடுங்க, நல்லாவே குறைச்சுப் போடுவாங்க.

ஏற்கனவே இப்படி ஏமாந்தவங்க சேட், பேமென்ட் ஸ்கிரீன்ஷாட், யுபிஐ டிரான்ஸாக்ஷன் நம்பர் எதையும் அழிக்காதீங்க. 1930-க்கு கால் பண்ணுங்க, இல்ல சைபர் கிரைம் போர்ட்டல்ல புகார் போடுங்க. சின்ன அமவுன்ட்னு விடாதீங்க, நானும் போட்டிருக்கேன். அந்த ஆளு இப்ப பேஜ் பேரையும் லோகோவையும் மாத்திட்டான், ஆனா போஸ்டர்ல அதே ரெண்டு ரேட், அதே லைஃப்டைம் வாரண்டி, கமென்ட்டும் ஆஃப் பண்ணி வச்சிருக்கான். அந்த மாதிரி எந்த பேஜைப் பார்த்தாலும் பணம் போடாதீங்க.