பேசாத விளையாட்டுகள்

எங்கள் வீட்டுக்கு முதல் டிவி கேம் வந்தது 1996 முழுப்பரீட்சை லீவில். திருச்சி சிங்காரத்தோப்புக் கடையொன்றில் அப்பா வாங்கிவந்தார். நிண்டெண்டோவின் ஃபேமிகாம் என்ற விளையாட்டுப் பெட்டியைப் பார்த்துச் செய்த நகல். அந்த நாளில் நாங்கள் அறிந்த வீடுகளில் இருந்ததெல்லாம் அதுமாதிரிதான். மஞ்சள் கேசட்டின் மேல் 9999 விளையாட்டுகள் என்று ஒட்டியிருக்கும். போட்டுப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டுதான், பெயரை மாற்றி மாற்றித் திரும்ப வரும்.

அந்தப் பத்தில் ஒன்று சூப்பர் மரியோ பிரதர்ஸ். 1985இல் ஷிகெரு மியாமோட்டோவின் குழு செய்தது. நான் தமிழ் மீடியம், நாலாம் வகுப்பு. திரையில் வந்த ஓர் ஆங்கிலச் சொல்லும் எனக்குத் தெரியாது. ஆனால் 1-1 என்ற முதல் லெவல் எனக்கு எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்துவிட்டது. இடப்பக்கம் போக வழியில்லை, ஆகவே வலப்பக்கம் போனேன். எதிரே ஒரு பழுப்புக் காளான் பூதம் நடந்து வந்தது, மோதிச் செத்தேன். அடுத்த தடவை குதித்தேன். கேள்விக்குறிக் கட்டையைத் தலையால் முட்டினால் ஒரு காளான் வெளியே வந்து ஓடும். பயந்து விலகப் பார்த்தால், எதிரே இருக்கிற குழாயில் இடித்து நம்மையே நோக்கித் திரும்பி வரும். தப்பிக்க முடியாமல் பட்டதும் ஆள் பெரிதாகிவிடுவான். அது பகை அல்ல, உதவி என்று அந்த நொடியில் தெரிந்தது. அந்தக் குழாயை வேண்டுமென்றேதான் அங்கே வைத்திருக்கிறார்கள் என்பது ரொம்பக் காலம் கழித்துத்தான் புரிந்தது. இன்றைக்கும் ஒரு புது விளையாட்டை எடுத்தால் முதல் பத்து நிமிடத்தில் அந்தக் குழாயைத்தான் தேடுகிறேன்.

கோட்டை லெவலை முடித்தால் ஒரு வரி எழுத்து வரும். வெற்றி என்று நினைத்து நானும் அண்ணனும் குதித்தோம். அக்காதான் எழுத்துக்கூட்டிப் படித்து, 'இளவரசி இங்க இல்லியாம்டா, வேற கோட்டையில இருக்காளாம்' என்றாள். மொத்தம் எட்டு உலகம், 32 லெவல். சேமிக்கிற வசதி கிடையாது. கரண்ட் போனால் மறுபடியும் 1-1தான்.

அண்ணனுக்குப் பிடித்தது கான்ட்ரா, இருவர் சேர்ந்து ஆடுகிற துப்பாக்கிச் சண்டை விளையாட்டு. அதில் அருவி லெவலில் அவன் வேகமாக மேலே ஏறிவிட்டால், திரைக்குக் கீழே மாட்டிக்கொண்டு நான் செத்துவிடுவேன். அவன் ஒவ்வொரு படியாகக் காத்திருந்து என்னை ஏற்றிவிடுவான். கான்ட்ரா என்றால் எனக்கு இன்றும் துப்பாக்கி நினைவுக்கு வருவதில்லை, அந்தக் காத்திருப்புதான் வருகிறது.

பிளேஸ்டேஷன் 2 வந்தது கல்லூரி நாட்களில். ஊரெல்லாம் இஷ்டம்போல் சுற்றவிடும் ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸை எங்கள் தெருவில் விளையாடாதவன் இல்லை. மிஷன் முடித்தவனும் இல்லை. சைக்கிள் ஓட்டியே மாதக்கணக்கில் போனது. நல்ல விளையாட்டுதான், ஆனால் திரும்ப எடுக்க எனக்குத் தோன்றியதில்லை. இங்கே சொல்லப்போவது திரும்பத் திரும்ப எடுத்தவற்றைப் பற்றி.

அவற்றில் முதல் இடம் ஷேடோ ஆஃப் தி கொலோசஸுக்கு. 2005இல் வந்தது, ஃபுமிட்டோ உவேடா இயக்கியது. ஒரு பையன், ஒரு குதிரை, இறந்துபோன ஒரு பெண். அவளை எழுப்ப 16 ராட்சத உருவங்களைக் கொல்ல வேண்டும். வழியில் அடித்துப் போட்டுப் போகச் சில்லறை எதிரிகள் கிடையாது. வெறும் புல்வெளி, மணல், பாழடைந்த பாலம், காற்றுச் சத்தம். வாளை வெயிலில் தூக்கிப் பிடித்தால் ஒளிக்கற்றை திசை காட்டும், அவ்வளவுதான் வரைபடம். கதாபாத்திரங்கள் பேசுவதுகூட உலகில் எங்கும் இல்லாத, அவர்களே உண்டாக்கிய மொழி. நாலாம் வகுப்பில் மரியோவின் முன் உட்கார்ந்த அதே நிலையில் மறுபடி உட்கார்ந்தேன்.

உருவத்தின் மேல் ஏறி ரோமத்தைப் பற்றிக்கொள்ள ஆர்1 பொத்தானை அழுத்தியே பிடித்திருக்க வேண்டும். விட்டால் விழுந்துவிடுவோம். அது உடம்பை உதறும்போது என் விரலும் நிஜமாகவே இறுகும், கன்ட்ரோலர் வியர்த்துப்போகும். பிடியின் அளவு ஒரு வட்டமாகத் திரையில் சுருங்கிக்கொண்டே வரும். மற்ற விளையாட்டுகளில் பொத்தானை அழுத்தினால் ஆள் ஒரு செயலைச் செய்வான். இதில் அவன் படுகிற பாட்டை நானும் பட்டேன். கோ ஓட்டானியின் இசை ஏறும்போது வீரமாக முழங்கும், உருவம் சாய்ந்ததும் ஒப்பாரி மாதிரி இறங்கிவிடும். ஜெயித்துவிட்டோம் என்று ஒருமுறைகூடக் கத்தத் தோன்றவில்லை.

குறையும் உண்டு. பழைய கன்சோல் அந்தப் பிரம்மாண்டத்தைத் தாங்காமல் பல இடங்களில் திணறும், கேமரா தானாக எங்கோ திரும்பும். 2018இல் புளூபாயின்ட் நிறுவனம் மறு ஆக்கம் செய்த பிளேஸ்டேஷன் 4 (பிஎஸ்4) பதிப்பில் திணறல் போய்விட்டது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதையே வாங்கலாம். எங்களுக்கு அப்போது பெரிய தொல்லை மின்வெட்டு. ஒவ்வொரு உருவம் விழுந்ததும் சேமிக்கவா என்று கேட்கும். சேமிக்கிற சில நொடிகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன். ஒருமுறை மெமரி கார்டே கெட்டு, ஒன்பது உருவங்கள் வரை போனது அழிந்துவிட்டது. வருத்தத்தோடுதான் மறுபடி தொடங்கினேன். இரண்டாம் நாளே வருத்தம் போய்விட்டது.

2013இல் வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் பேச்சு நிறைந்த விளையாட்டு. வசனமெல்லாம் அருமை. ஆனாலும் எனக்குள் தங்கியது பேச்சு அடங்குகிற இடம்தான்: அழிந்த நகரத்தில் ஒட்டகச்சிவிங்கிகள் மேய்வதைக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்க்கும் காட்சி. அடுத்தது என்ன என்று யாரும் நம்மை அவசரப்படுத்துவதில்லை. நாமாகக் கிளம்பும்வரை நின்று பார்க்கலாம்.

அன்சார்ட்டட்: தி லாஸ்ட் லெகசியை, 2017இல், எங்கள் ஊர்க் காரணத்துக்காகவே வாங்கினேன். கதை மேற்குத் தொடர்ச்சி மலையில் நடக்கிறது, தேடுவது போசளர்களின் (ஹொய்சாளர்களின்) புதையல். சமயபுரத்தை ஒட்டிய கண்ணனூரில் 13ஆம் நூற்றாண்டில் போசளர்கள் தலைநகர் வைத்து ஆண்டார்கள், அவர்கள் கட்டிய கோயில் இன்றும் அங்கே இருக்கிறது. சிறுவயதில் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். விளையாட்டில் மலையும் மழையும் கண்ணுக்கு நிறைவு. ஆனால் மலையளவு சிலைகளாக வைத்திருக்கிறார்கள். போசளர் கைவண்ணமே மாக்கல்லில் நகைபோலக் குடைந்த நுணுக்கம். அதைக் காட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்ற ஏக்கம் இன்னும் போகவில்லை.

அந்த வருடமே வந்த செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்டில்தான் அந்தக் குழாயை மறுபடி பார்த்தேன், இந்தத் தடவை ஒரு நாடு முழுக்க. குளிர் மலையில் உடம்பு நடுங்கினால் மிளகாய் போட்டுச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு ஏறலாம். மழை பெய்தால் பாறை வழுக்கும். இடி இடிக்கும்போது முதுகில் இரும்பு வாள் இருந்தால் பொறி பறக்கும், கழற்றாவிட்டால் மின்னல் தலையில் இறங்கும். நான் ஒருமுறை அப்படிச் செத்தேன். அடுத்த மழையில் அதே வாளை எதிரியின் காலடியில் போட்டுவிட்டு ஓடினேன். யாரும் சொல்லித்தரவில்லை. இரும்பும் இடியும் எப்படியென்று நமக்கே தெரியும், அதையே நம்பி விளையாட்டைக் கட்டியிருக்கிறார்கள். ஆயுதங்கள் சீக்கிரம் உடைவது முதல் இரண்டு மாதம் எரிச்சலாக இருந்தது. பிறகு பழகியது, பிடித்தது என்று சொல்ல மாட்டேன். அந்த நாடெங்கும் இருக்கிற 120 புதிர் ஆலயங்களையும் முடித்தேன், ஒன்றரை வருடம் ஆனது.

கொலோசஸை இதுவரை ஐந்து முறை முடித்திருக்கிறேன். அதில் 13ஆவது உருவம் பாலைவனத்துக்கு மேலே நீந்துகிற நீளமான பறக்கும் பாம்பு. நம்மை அது ஒருபோதும் தாக்காது. அம்பெய்து அதன் காற்றுப்பைகளைக் கிழித்தால்தான் தாழ இறங்கும், நாம் ஏற முடியும். பிஎஸ்4இல் எனக்கு ஒரு சேமிப்புக் கோப்பு 12இலேயே நிற்கிறது. வேலை முடிந்து வந்த சில இரவுகளில் அதைத் திறந்து, வில்லைத் தொடாமல், அக்ரோ குதிரையில் அந்தப் பாம்பின் நிழலுக்குள்ளேயே கொஞ்ச நேரம் ஓடிவிட்டு, சேமிக்காமல் அணைத்துவிடுகிறேன்.