அடிவரியை வெட்டிவிட்ட போஸ்டர் பெட்டி

ஸ்பெயின் உள்நாட்டுப் போர்க்காலத்துப் (1936–39) போஸ்டர்களையும் புகைப்படங்களையும் மறுஅச்சாகப் போட்டு ஒரு பெட்டியில் விற்கிறார்கள். அங்கே ஆண்ட குடியரசு அரசாங்கத்துக்கும் அதை எதிர்த்துக் கிளம்பிய ஜெனரல் ஃபிராங்கோ தரப்புக்கும் நடந்த போர் அது. ஏ3 அளவில் 30 போஸ்டர், அதில் பாதி அளவில் 20 புகைப்படம், ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்க அட்டை. விலை 3,900 ரூபாய், தபால் செலவு தனி. மருமகன் ஆன்லைனில் ஆர்டர் போட்டு வரவழைத்துத் தந்தார். வெளியிட்டவர்கள் பெயரை நான் இங்கே சொல்லவில்லை. குறைதான் அதிகம் சொல்லப்போகிறேன்.

நான் சிவகாசியில் ஆஃப்செட் மெஷின் ஓட்டிப் பிழைத்தவன். ஸ்பானிஷ் ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் போஸ்டர் கைக்கு வந்தால் தடவிப் பார்ப்பேன், லென்ஸ் வைத்துப் பார்ப்பேன், அடியில் எந்த பிரஸ் என்று பார்ப்பேன். படம் அப்புறம்தான்.

தாள் பரவாயில்லை. கனமான மேட் ஆர்ட் பேப்பர், சுருட்டி வைத்தாலும் மடிப்பு விழவில்லை. ரெஜிஸ்டர், அதாவது ஒரு நிறத்தின் மேல் இன்னொன்று சரியாக உட்காருவது, எங்கும் விலகவில்லை. சிவப்புதான் உதைக்கிறது. அன்றைக்கு லித்தோவில் (கல்லிலோ தகட்டிலோ வரைந்து அடிக்கும் முறை) ஒவ்வொரு நிறத்துக்கும் தனியாக வரைந்து, சிவப்பைச் சிவப்பு மையாகவே ஏற்றியிருப்பார்கள். இங்கே நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நாலு கலராகப் பிரித்து அடித்திருக்கிறார்கள். கார்லஸ் ஃபொன்ட்செரே 1936இல் எஃப்ஏஐ என்ற அனார்க்கிஸ்ட் (அரசே வேண்டாம் என்பவர்கள்) அமைப்புக்கு வரைந்த 'சுதந்திரம்!' போஸ்டரில், அரிவாளைத் தூக்கி நிற்கும் விவசாயிக்குப் பின்னால் இருக்கும் சிவப்புதான் எல்லாமே. அது செங்கல் நிறத்துக்கு இறங்கிக் கிடக்கிறது.

புகைப்படத்தை வைத்துச் செய்த போஸ்டர்களில் வேறு தொல்லை. பேரே கதலா இ பிக் செய்த ஒன்று: கயிற்று அடிச் செருப்பு போட்ட கால் ஒன்று, ஈரக் கல் தரையில் கிடக்கும் ஸ்வஸ்திகாவை மிதித்து நொறுக்குகிறது. வேறொரு போஸ்டர் தலைநகர் மாட்ரிட் மீது ஃபிராங்கோ தரப்பு குண்டு வீசியதைப் பற்றியது. இறந்த குழந்தையின் முகம், நெஞ்சில் ஒரு எண் சீட்டு, பின்னால் வானம் நிறைய விமானங்கள். 'இதைப் பொறுத்துக்கொண்டால் அடுத்தது உங்கள் குழந்தைகள்' என்று கீழே ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. வெளிநாட்டுக்காரர்கள் பார்ப்பதற்காகவே அடித்தது. ஏற்கெனவே டாட் (படத்தை அச்சில் காட்டும் பொடிப் புள்ளி) விழுந்த அச்சை ஸ்கேன் செய்து மறுபடி டாட் போட்டால், இரண்டும் மோதி மோயரே என்ற வேண்டாத கோலம் வரும் என்பது பிரஸ்ஸில் நேற்றுச் சேர்ந்த பையனுக்கும் தெரியும். அந்தக் குழந்தையின் கன்னத்தில் கோலம் போட்டதுபோலப் புள்ளிகள் ஓடுகின்றன. ஸ்கேனைக் கொஞ்சம் மழுக்கியிருந்தால் போதும், சரியாகியிருக்கும்.

தேர்வைக் குறை சொல்ல மாட்டேன். துப்பாக்கி, முஷ்டி, கொடி என்று 30ஐயும் நிரப்பாமல், வீட்டுக்காரர்களுக்கு அடித்த போஸ்டர்களையும் சேர்த்திருக்கிறார்கள். பார்சிலோனா இருக்கும் கத்தலோனியா பகுதியின் அரசு 1937இல் நடத்திய 'முட்டைப் போர்' போஸ்டரை எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேனோ. நகரத்தில் சாப்பாடு கிடைக்கவில்லை, அதனால் வீட்டிலேயே கோழி வளருங்கள் என்கிறது. எழுதப் படிக்கக் கற்றுக்கொள் என்று சிப்பாய்க்கு ஒன்று, பால்வினை நோய் ஜாக்கிரதை என்று ஒன்று, மாட்ரிட்டை விட்டுக் குடும்பத்தை அனுப்பிவிடுங்கள் என்று ஒன்று. அரசாங்கம் எதைச் சுவரில் ஒட்டிக் கெஞ்சுகிறதோ அது ஊரில் நடக்கவில்லை என்று அர்த்தம். போர் வீட்டுக்குள் எப்படி நுழைந்தது என்பது இந்த மாதிரிப் போஸ்டரில்தான் தெரிகிறது.

ஃபிராங்கோ தரப்புப் போஸ்டர் மூன்றே மூன்று. ஓரவஞ்சனை என்று சிலர் சொல்லலாம். மாட்ரிட், பார்சிலோனா, வலென்சியா மூன்றிலும் இருந்த பெரிய லித்தோ பிரஸ்களும் ஓவியர்களும் குடியரசுத் தரப்பில் மாட்டியதால் அந்தப் பக்கம் போஸ்டரே குறைவு. விளக்க அட்டையில் இதை ஒரு வரி போட்டிருக்கலாம்.

இனி என் பெரிய மனத்தாங்கல். முக்கால்வாசிப் போஸ்டர்களில் அடி ஓரத்தை வெட்டிவிட்டார்கள்! ஏ3க்குள் அடக்க வேண்டும் என்று அரை அங்குலம் கழித்திருக்கிறார்கள். அந்த அரை அங்குலத்தில்தான் பிரஸ் பெயர், ஊர், யார் நிர்வாகம் என்பதெல்லாம் இருக்கும். நம் ஊரில் தேர்தல் போஸ்டரில் அச்சிட்டவர் பெயரும் வெளியிட்டவர் பெயரும் இல்லாவிட்டால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ பிரிவில் வழக்கு வரும். அதனால் அந்த வரியை நாங்கள் கண்ணைப்போலப் பார்த்துக்கொள்வோம். தப்பிப் பிழைத்த சில தாள்களில் 'ஓர்த்தேகா, வலென்சியா, யுஜிடி சிஎன்டி கட்டுப்பாடு' என்றும், 'செய்க்ஸ் இ பார்ரால், இ.சி.' என்றும் இருக்கிறது. யுஜிடியும் சிஎன்டியும் தொழிற்சங்கங்கள்; இ.சி. என்றால் கூட்டுடைமையாக்கப்பட்ட நிறுவனம். அதாவது முதலாளியிடமிருந்து பிரஸ் தொழிலாளிகள் கைக்கு வந்துவிட்டது. போஸ்டரில் கத்துகிற புரட்சி நிஜமாகவே நடந்ததற்கு அந்தப் பொடி எழுத்துதான் சாட்சி. இன்னொன்றும் உண்டு. குடியரசு அரசாங்கம் 1936 நவம்பரில் மாட்ரிட்டிலிருந்து வலென்சியாவுக்கும், அடுத்த வருஷம் அக்டோபர் கடைசியில் பார்சிலோனாவுக்கும் மூட்டை கட்டியது. அமைச்சகங்கள் அடித்த போஸ்டர்களை ஊர்ப்பெயர் பார்த்து அடுக்கினால் அந்த ஓட்டம் கண்ணில் படும். வெட்டியபின் எதை வைத்து அடுக்குவது?

புகைப்படங்களுக்கு மட்டும் முழு மதிப்பெண். ஓரம் வெட்டாமல், நெகட்டிவின் கறுப்பு விளிம்போடு போட்டிருக்கிறார்கள். 1936 ஜூலை 19இல் பார்சிலோனா தெருவில் செத்த குதிரைகளை அரணாக வைத்துச் சுடும் காவலர்களை அகுஸ்தி சென்டெல்லெஸ் எடுத்த படம் இருக்கிறது. 1939இல் அவர் நெகட்டிவ்களைப் பெட்டியில் போட்டுக்கொண்டு பிரான்சுக்குத் தப்பினார். கார்க்காசோனில் ஒரு வீட்டில் ஒளித்துவைத்தார். ஃபிராங்கோ செத்த பிறகு 1976இல்தான் போய் எடுத்தார். அந்தப் போரைப் படமெடுத்த புகைப்படக்காரர்கள் காப்பா, கெர்டா டாரோ, சிம் மூவரின் சுமார் 4,500 நெகட்டிவ்கள் மெக்சிகோவில் கிடந்து 2007இல் நியூயார்க் வந்த கதையும் அட்டையில் இருக்கிறது. டாரோ 1937 ஜூலையில் புருனெதே போர்முனையில் அடிபட்டு இறந்துவிட்டார். எனக்குப் பிடித்தது காட்டி ஹோர்னா என்ற பெண் புகைப்படக்காரர். அவர் சண்டையைவிட, முதுகுக்குப் பின்னால் இருந்த ஊர்களைத்தான் அதிகம் எடுத்தார்: கிழவிகள், தாய்மார்கள், பிள்ளைகள். அவருடைய படங்களையும் முட்டைப் போஸ்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஓர் எரிச்சல்: விளக்க அட்டை எழுத்து ஆறு பாயிண்ட். என் வயசுக்காரர்கள் இந்தப் பெட்டியை வாங்க மாட்டார்கள் என்று நினைத்துவிட்டார்கள்போல.

சுவரில் மாட்ட இரண்டு மூன்று போஸ்டர் வேண்டும் என்பவர்கள் வாங்கலாம். டிசைன் படிக்கும் பிள்ளைகளும் புகைப்படங்களுக்காக வாங்கலாம். போஸ்டரையே ஆதாரமாக வைத்துப் படிக்க நினைப்பவர்கள் காசு கொடுக்க வேண்டாம். சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக நூலகம் தன் சேகரிப்பில் இருக்கும் இந்தப் போர்க்காலப் போஸ்டர்களை இணையத்தில் போட்டிருக்கிறது, அங்கே பார்க்கலாம். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம், அதில் இரண்டு புகைப்படங்களுக்கு. அடுத்த பதிப்பில் அடிவரியை விட்டுவைத்தால் நாலு தருகிறேன் என்று மருமகனை விட்டு மெயில் போடச் சொல்லியிருக்கிறேன்.