படுக்கை நனைத்தல்: டிஎஸ்எம்-5 அளவுகோலா, ஐசிடி-10 அளவுகோலா?

உடல் காரணம் இல்லாமல் படுக்கையை நனைக்கும் குழந்தைக்கு நோயறிதல் எழுத இரண்டு வழிகாட்டிகள் உண்டு. ஒன்று, அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட மனநோய் நோயறிதல் கையேடான டிஎஸ்எம்-5. மற்றது, உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-10 (2022-இல் ஐசிடி-11 நடைமுறைக்கு வந்ததால் இது முந்தைய பதிப்பு). 5 வயதுக்கு முன் இந்த நோயறிதலை எழுதக் கூடாது என்பதில் இரண்டும் ஒன்றுதான். வளர்ச்சி பின்தங்கியிருந்தால் மனவயதையும் பார்க்க வேண்டும்.

எண்ணிக்கையில்தான் பிரிகின்றன. டிஎஸ்எம், வாரத்துக்கு 2 முறை வீதம் தொடர்ந்து 3 மாதம் கேட்கிறது. ஐசிடியின் ஆராய்ச்சிக்கான அளவுகோலுக்கும் 3 மாதம் வேண்டும். ஆனால் 7 வயதுக்குள் மாதம் 2 முறை, அதற்கு மேல் மாதம் 1 முறையே போதும். ஆகவே மாதம் இருமுறை நனைக்கும் 8 வயதுக் குழந்தை ஐசிடியில் தேறும், டிஎஸ்எம் எண்ணிக்கையில் தேறாது. சரி, அதோடு கதை முடிந்ததா? இல்லை. எண்ணிக்கை குறைந்தாலும், குழந்தைக்குக் கடும் மனவேதனையோ படிப்பிலும் பிறருடன் பழகுவதிலும் பாதிப்போ இருந்தால் டிஎஸ்எம் ஏற்கும். என் பார்வையில் இதுதான் அதன் பலம்: நண்பர் வீட்டில் இரவு தங்கவே அஞ்சும் குழந்தையை வெறும் எண் கண்டுகொள்ளாது.

குறியீடு இரண்டிலும் எஃப்98.0. டிஎஸ்எம் கூடுதலாக இரவு மட்டுமா, பகல் மட்டுமா, இரண்டுமா என்று குறிக்கச் சொல்கிறது. எதைப் பின்பற்றினாலும், 6 மாதம் நனையாமல் இருந்த காலம் உண்டா, மலச்சிக்கல் உண்டா, சிறுநீர்ப் பரிசோதனை முடிவு என்ன, என்னென்ன மருந்துகள் என்பதைப் பதிவில் எழுதிவிடுங்கள். நீரிழிவும் சிறுநீர்த் தொற்றும் விலக்கப்பட்டதற்குச் சிறுநீர்ப் பரிசோதனை முடிவே சான்று.