ஹாஸ்டலா, பி.ஜி.யா, வாடகை வீடா: நான்கு வருஷம் குளித்துப் பார்த்தவன் சொல்கிறேன்

சித்தி மகனுக்குக் கவுன்சலிங்கில் சென்னை ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் ஒரு காலேஜில் சீட் கிடைத்திருக்கிறது. நேற்று ராத்திரி போன். "எண்ணே, ஹாஸ்டல்ல சேரவா, வெளியில பி.ஜி., அதான் பேயிங் கெஸ்ட் ரூம், பாக்கவா? அப்பா வெள்ளிக்கிழமைக்குள்ள முடிவு சொல்லுங்காவ." போனில் பேசினால் ஐந்து நிமிஷத்தில் தண்ணீரைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்துவிடுவேன். அதனால் எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுதினாலும் அதைத்தான் புலம்பப் போகிறேன்.

2021இல் சேர்ந்து 2025இல் முடித்தேன். முதல் வருஷம் காலேஜ் ஹாஸ்டல், இரண்டாம் வருஷம் பி.ஜி., கடைசி இரண்டு வருஷம் நாலு பேர் சேர்ந்து எடுத்த வாடகை வீடு. மாச வாடகை எவ்வளவு, ரூமுக்கு எத்தனை பேர், வைஃபை உண்டா, ஞாயிற்றுக்கிழமை சிக்கன் உண்டா என்பதையெல்லாம் நீ கேட்காமலே சொல்வார்கள். குழாயைத் திறந்து காட்ட மாட்டார்கள்.

எங்களுக்கு ஊர் அம்பாசமுத்திரம். தாமிரபரணியில் சோப்பு போட்டால் அந்த வழுவழுப்பு போக நாலு முங்கு முங்க வேண்டும். அப்படிக் குளித்து வளர்ந்தவன், நெல்லை எக்ஸ்பிரஸில் தாம்பரத்தில் இறங்கி, பெட்டி படுக்கையோடு ஹாஸ்டலுக்குப் போய், முதல் வேலையாகக் குளிக்கப் போனேன். சோப்பைத் தேய்க்கிறேன், நுரையே வரவில்லை. கல்லை எடுத்து உடம்பில் உரசுகிற மாதிரி இருக்கிறது. பக்கெட்டில் பால் திரிந்தது போல வெள்ளை வெள்ளையாக ஏதோ மிதக்கிறது. சோப்பு டூப்ளிகேட் என்று நினைத்து அம்மாவுக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டேன். ரூம்மேட் ராமநாதபுரத்துக்காரன். சிரித்துக்கொண்டே, "எங்க ஊரோட பாத்தா இது நல்ல தண்ணிடா" என்றான்.

முதல் செமஸ்டர் கெமிஸ்ட்ரியில் முதல் யூனிட்டே தண்ணீரும் சுத்திகரிப்பும்தான். லேபில் இ.டி.டி.ஏ. என்ற ரசாயனத்தை வைத்துக் கடினத்தன்மை, அதாவது சோப்பை நுரைக்கவிடாத கால்சியம், மெக்னீசியம் உப்பு தண்ணீரில் எவ்வளவு என்று கண்டுபிடிக்கும் பரிசோதனை உண்டு, உனக்கும் வரும். ஒருநாள் ஹாஸ்டல் குழாய்த் தண்ணீரை பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனேன். 20 மில்லி எடுத்து, அமோனியா பஃபர் ஊற்றி, எரியோக்ரோம் பிளாக் டி என்ற நிறங்காட்டி இரண்டு சொட்டு விட்டதும் ஒயின் சிவப்பு வந்தது. இ.டி.டி.ஏ. நிரப்பிய ப்யூரெட்டைத் திறந்தால் இறங்குகிறது, இறங்குகிறது, நீலமாக மாறுவேனா என்கிறது. 17 மில்லி இறங்கிய பிறகுதான் மாறியது. கணக்குப் போட்டால் லிட்டருக்கு 850 மில்லிகிராம். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்வது 200. வேறு வழியே இல்லாத ஊரில் 600 வரை போகலாம். லேப் சார் எட்டிப் பார்த்துவிட்டு, "ரெகார்டுல காலேஜ் சாம்பிள் வேல்யூவையே எழுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நியாயமாகப் பேச வேண்டும் என்றால், குடிக்க ஆர்.ஓ. தண்ணீர் தனியாக இருந்தது. அதில் குறை சொல்ல மாட்டேன். நிலத்தடித் தண்ணீர் உப்பாக இருப்பதும் ஹாஸ்டலின் தப்பு இல்லை. கிழக்கே கடல், இடையில் பக்கிங்ஹாம் கால்வாய், சுற்றிலும் அடுக்குமாடிகள். எல்லாரும் போர்வெல் போட்டு உறிஞ்சினால் உப்பு ஏறத்தான் செய்யும். ஆனால் அதே வருஷம் வாசலில் கிரானைட் வைத்து ஆர்ச் கட்டினார்கள். அதற்கு மட்டும் காசு இருந்தது. இதை நினைத்தால் இப்போதும் எனக்கு ரத்தம் ஏறும்.

முடி கொட்டியதைப் பற்றியும் கேட்பாய். கொட்டியது. தண்ணீர்தான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். எங்கப்பா தலையைப் பார்த்திருக்கிறாய் அல்லவா, அவர் ஆயுசுக்கும் ஆற்றில் குளித்தவர்.

இரண்டாம் வருஷம் பி.ஜி. மாறியதே இதற்காகத்தான். ஓனர் மொட்டைமாடிக்கே கூட்டிப்போய், "சாஃப்ட்னர் போட்டிருக்கேன் தம்பி" என்று நீல நிற உருளை ஒன்றைக் காட்டினார். பக்கத்தில் உப்பு மூட்டை ஒன்று தையல் பிரிக்காமல் கிடந்தது. அந்த மெஷினுக்குள் இருக்கும் ரெசின் தண்ணீரில் உள்ள கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அவ்வப்போது உப்புக் கரைசல் விட்டு அதைக் கழுவினால்தான் மறுபடி வேலை செய்யும். செமஸ்டர் பாடத்திலேயே படித்திருந்தேன், மார்க்கும் வாங்கியிருந்தேன். அந்த மூட்டையைப் பார்த்தபோது மட்டும் புத்திக்கு எட்டவில்லை. பத்து மாசம் கழித்துக் காலி செய்யும்போதும் அது பிரிக்கப்படாமல் அங்கேயே இருந்தது. பி.ஜி. பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை. சாம்பார் பரவாயில்லை.

வாடகை வீட்டுக்கு லாரித் தண்ணீர். முதல் நாள் சோப்பு போட்டதும் நுரை பொங்கியது. நாலு பேரும் மாறி மாறி ஒரு மணி நேரம் குளித்தோம். அப்புறம்தான் மறுபக்கம் தெரிந்தது. 9,000 லிட்டர் லாரி விடியற்காலையில் வரும். எவனாவது எழுந்து சம்ப் (தரைக்கடித் தொட்டி) மூடியைத் திறந்து நிற்க வேண்டும். பங்குப் பணம் தராதவன்தான் அதிக நேரம் குளிப்பான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது. கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை, சம்புக்குள் சாக்கடை புகுந்துவிட்டது. மூன்று நாள் கேன் தண்ணீரில் முகம் கழுவினோம். வார்டனும் இல்லை, மெஸ்ஸும் இல்லை, பிஸ்கட்தான்.

கொண்டுபோக வேண்டிய சாமான் பற்றிச் சித்தி பெரிய லிஸ்ட் போட்டிருப்பாள். பாதியை அழித்துவிடு. அம்மா வம்படியாகக் கட்டிக் கொடுத்த பத்தமடைப் பாயை நான் ரயிலிலேயே விட்டுவிடப் பார்த்தேன். ஏப்ரல் மாதம் ஃபோம் மெத்தையில் முதுகு வெந்துபோய், அந்தப் பாயை விரித்துப் படுத்த ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டு மன்னிப்பே கேட்டேன். கட்டாயம் பாய் கொண்டுபோ. கெட்டில் கூடாது என்று விதி இருக்கும், எல்லார் ரூமிலும் இருக்கும். மாட்டினால் நான் சொன்னேன் என்று சொல்லாதே. இரண்டு மாசத்தில் அடியில் சுண்ணாம்பு மாதிரி படியும். எலுமிச்சம்பழம் பிழிந்து கொதிக்கவிட்டால் போகும். ராகிங் எதிர்ப்பு உறுதிமொழியை ஆன்லைனில் நீயும் சித்தப்பாவும் ஆளுக்கொன்று நிரப்பித் தர வேண்டும். கடைசி நாள்வரை வைத்திருக்காதே, அன்றைக்கு நெட் சென்டர் வாசலில் கூட்டமாக இருக்கும்.

சரி, எங்கே சேரலாம்? தண்ணீருக்கு மார்க் போட்டால் வாடகை வீடு முதலிடம், ஹாஸ்டல் கடைசி. இவ்வளவு திட்டியவன் சொல்கிறேன், முதல் வருஷம் ஹாஸ்டலிலேயே சேரு.

அங்கே காலையில் ஆறிலிருந்து ஏழு வரைதான் குழாயில் நன்றாகத் தண்ணீர் வரும். மொத்த மாடியும் பக்கெட்டோடு வரிசையில் நிற்கும். அந்த வரிசையில்தான் எனக்கு நாற்பது பேரைத் தெரியும். முதல் செமஸ்டர் மேத்ஸ், அதாவது எம்-ஒன், பரீட்சைக்கு முந்தின நாள், துணி துவைக்கும் இடத்துச் சுவரில் சாக்பீஸால் கெய்லி-ஹாமில்டன் தேற்றக் கணக்கைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தான் என் ராமநாதபுரத்து ரூம்மேட். பன்னிரண்டு பேர் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து கேட்டோம். அதில் ஒருவனுக்கும் எம்-ஒன்னில் அரியர் இல்லை. பி.ஜி.யில் இருந்தபோது எனக்கு இரண்டு அரியர் விழுந்தது. அங்கே பக்கத்து ரூமில் இருந்தவன் பெயர் எனக்குக் கடைசி வரை தெரியாது.

ஒன்று மட்டும் செய். வியாழக்கிழமை பார்க்கப் போகும்போது சட்டைப்பையில் ஒரு துண்டு குளியல் சோப்பு வைத்துக்கொள். வார்டன் ஜிம்மைக் காட்டும்போது நீ பாத்ரூமுக்குப் போய்க் கையைக் கழுவிப் பார். ஷாம்பு வேண்டாம், அது எந்தத் தண்ணீரிலும் நுரைக்கும், ஏமாந்துவிடுவாய். நுரை வந்தால் எனக்குப் போன் போடு, அந்த ஹாஸ்டலை நானும் வந்து பார்க்கிறேன். வராவிட்டாலும் சேரத்தான் போகிறாய்.

பக்கெட் வாங்க வேண்டாம். என்னுடையது நம்ம வீட்டு மாடியில் இருக்கிறது. உள்பக்கம் முக்கால் உயரத்தில் வெள்ளையாக ஒரு கோடு இருக்கும். எலுமிச்சம்பழத்துக்கும் அது போகவில்லை. தண்ணீர் பிடிக்க அது ஒன்றும் தடையில்லை.